டீ குடிக்க வராத கவுன்சிலர்

1. ஆட்சேபணை

“சொந்த வீட்டுக்குத் தண்ணி கொண்டுபோக ஆபீஸ்லயே வந்து உக்காந்துக்கிறாங்க சார். இது என்ன ஞாயம்?”

மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து இப்படிக் கேட்டதும் நான் மினிட்ஸ் எழுதுவதை நிறுத்தினேன். அவர் சொன்னது என் மேஜையை. வந்து உட்காருபவர் கவுன்சிலர் செல்வராணி.

மதுரைக்கு மேற்கே ஒரு பேரூராட்சியில் குடிநீர் ஃபைல்களைப் பார்க்கும் உதவியாளராக இருந்தேன். தினமும் காலையில் செல்வராணி வந்து என் எதிர் நாற்காலியில் உட்காருவார். டீ வரும். எந்தத் தெருவில் லைட் எரியவில்லை, எந்தச் சாக்கடை அடைத்திருக்கிறது எல்லாம் ஒரே மூச்சில் வரும். பாதி நேரம் என்னைத் திட்டுவார். அந்தத் திட்டு விழாமல் எனக்கு வேலை ஓடாது.

அவர் குடியிருந்த சந்துக்குப் பைப் லைன் இல்லை. அதைப் போடத்தான் அன்றைய தீர்மானம். சந்தின் கடைசி இரண்டு வீடுகள் அவருடையதும் அவர் கொழுந்தனுடையதும்.

செயல் அலுவலர் விதியைப் படித்தார். தனக்கு ஆதாயமுள்ள பொருளில் உறுப்பினர் பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது, அலுவலர்களிடம் சிபாரிசுக்கும் போகக்கூடாது. செல்வராணி எழுந்து வெளியே போனார். எடுத்துப் பேச ஆளில்லாமல் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

2. இரண்டு வீடு குறைவு

மறுநாள் டீ வந்தது. அவர் வரவில்லை. அதன்பின் ஆபீசுக்கு வந்தாலும் சுகாதாரப் பிரிவு வரைக்கும் வந்து திரும்பிவிடுவார். என் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

சந்துப் பெண்கள் அவரை ஆபீஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். “உனக்கு ஓட்டுப் போட்டது வெளிய போயி நிக்கிறதுக்கா அக்கா?” என்று ஒருத்தி கேட்டது உள்ளே இருந்த எனக்கும் கேட்டது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் மறுபடி வந்தபோது செல்வராணி எழுந்தார்.

“என் வீடும் என் கொழுந்தன் வீடும் வேணாம் சார். அதுக்கு முந்துன வீட்டோட பைப்ப நிறுத்திக்கங்க. இப்பப் பேசலாமா?”

செயல் அலுவலர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசலாம் என்றார். செல்வராணி பேசினார். தீர்மானம் நிறைவேறியது. முன்பு ஆட்சேபித்தவரும் கை தூக்கினார். கொழுந்தன் மட்டும் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

3. கடைசி நாள்

பரவை மார்க்கெட்டில் ஒருநாள் அவரைப் பார்த்தேன்.

“அதான் பாஸ் ஆயிருச்சேம்மா, டீ குடிக்க வரலாம்ல?”

“எப்படிண்ணே வாரது? ஃபைல் உங்க டேபிள்லதான கெடக்கு. வந்து உக்காந்தா, விட்ட ரெண்டு வீட்டையும் சேக்க வந்துட்டான்னு சொல்லுவாங்க.”

டெண்டர், வேலை, பில் என்று அந்த ஃபைல் என் மேஜையை விட்டு நகரவே இல்லை. சந்தில் தண்ணீர் வந்தது. எதிர் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் எனக்கு எரிச்சல் வந்தது.

ரிட்டயர் ஆன அன்று காலையிலேயே எல்லா ஃபைல்களையும் அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். மாலை போட்டு, போட்டோ எடுத்து எல்லோரும் கலைந்தபோது செல்வராணி வந்தார். சேலை இடுப்பில் குடம் வைத்த ஈரம். பக்கத்து வீட்டுக் குழாயில்தான் இன்னும் பிடிக்கிறார். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தண்ணி ஃபைல் இப்ப உங்ககிட்ட இல்லைல்ல?”

“காலையிலயே குடுத்துட்டேன்.”

“அப்ப ஒரு டீ சொல்லுங்கண்ணே. எம்புட்டு நாளாச்சு.”

டீ ஆறுகிற வரை என்னைத் திட்டினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிபாரிசுக்கு வருகிறவரை விதியைக் காட்டி அனுப்புவது சுலபம். விதியை மதித்து வராமலே இருப்பவரின் வேலையை, அவர் கேட்காமலே முதலில் முடித்துக் கொடுங்கள்.

இப்போது பழங்காநத்தத்தில் வீட்டில் உட்கார்ந்துதான் காலை டீ. எதிரே ஒரு நாற்காலி கிடக்கிறது. யாராவது வந்து திட்டினால் தேவலை.