எரிவெள்ளி பார்க்கக் குச்சவெளிக்கு

மாலை ஐந்து நாற்பதுக்கு நிஸாமின் ஓட்டோ அன்புவழிபுரத்தில் எங்கள் படலையடியில் வந்து நின்றது. நான் நாலரைக்கே ஆயத்தம். இரண்டு பாய், ஒரு போர்வை, பிளாஸ்க் நிறையத் தேநீர், தோசைப் பார்சல், நுளம்புத்திரி, கண் கூசாமல் இருக்கச் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்குப் பயணம் என்றால் பட்டியலில்தான் தொடங்கும். என் மனைவி புவனா கடைசி நிமிடத்தில் சேலை மாற்றிக்கொண்டு வந்து சாமான்களைப் பார்த்தாள்.

"குச்சவெளிக்குத்தானே போறம், கைலாயத்துக்கு இல்லையே?"

நாங்கள் போனது எரிவெள்ளி பார்க்க. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பன்னிரண்டை ஒட்டி, ஒரு வால்வெள்ளி விட்டுப்போன தூசிக்குள்ளால் பூமி கடந்து போகிறது. அந்தத் தூசி எரிந்துகொண்டு ஓடுவதைத்தான் எரிவெள்ளி என்கிறோம்; எங்கள் பேச்சில் வெள்ளி என்றால் நட்சத்திரம். நல்ல இருட்டான இடத்தில், நடுச்சாமத்துக்குப் பிறகு, வடகிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் மணிக்கு இருபது முப்பது காணலாம். நிலா இருந்தால் பாதிக்கு மேல் அழிந்துவிடும். இந்த வருடம் அந்த இரவே அமாவாசை, அதுவும் ஆடி அமாவாசை. இப்படி ஒரு இருட்டு இலேசில் அமையாது.

புவனா ஐம்பத்தாறு வயதுவரை ஒரு எரிவெள்ளியும் கண்டதில்லை. அவள் சோம்பேறி அல்ல. எங்கள் இளமைக் காலம் யுத்த காலம், இரவில் வானத்தில் ஏதும் வெளிச்சம் ஓடினால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடத்தான் பழகியிருந்தோம். அதற்குப் பிறகு தபாற்கந்தோர் வேலை, பிள்ளைகள், சமையல். கடந்த தை மாதம் கண் வைத்தியர் அவளுடைய விழித்திரை தேய்ந்துகொண்டு போகிறது என்றார். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும், கடைசியில் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிஞ்சும். இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டோம். அவர் நேர்மையான மனிதர், தெரியாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் புவனா வெளியே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வசனம்தான் பேசினாள்.

"நான் எரிவெள்ளி ஒண்டும் காணேல்லை, தெரியுமே?"

வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியை எடுத்தேன். அடுத்த ஆகஸ்டில் அந்த நாட்களில் நிலா பின்சாமம்வரை நிற்கும். ஆகவே இந்த வருடம்தான்.

இடம் தேடுவதில் இரண்டு மாதம் போயிற்று. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சந்தி லைட்டும் துறைமுக வெளிச்சமும் சேர்ந்து வானத்தைக் கழுவிவிட்டிருக்கும். விமானப்படை முகாமுள்ள சீனன்குடாப் பக்கம் பாயை விரித்தால் நாங்கள் வானத்தைப் பார்ப்பதைவிடக் காவலில் நிற்பவர்கள் எங்களை உற்றுப் பார்ப்பார்கள். கன்னியாவுக்கு அப்பால் யானை. கடைசியில் குச்சவெளிக் கடற்கரை சரிவந்தது. கிழக்கும் வடகிழக்கும் வெறும் கடல், ஊர் வெளிச்சம் முழுக்க முதுகுக்குப் பின்னால். ஆடி அமாவாசையில் கடலுக்கு யார் போகப்போகிறார்கள், ஒரு தோணி விளக்குக்கூட இருக்காது என்று நான் புவனாவுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். தகப்பன் இல்லாதவர்களெல்லாம் விரதம் பிடித்து, தீர்த்தமாடி, காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். நானும் அன்று காலையில் அதைத்தான் செய்திருந்தேன்.

நிஸாம் நகரத்தில் ஓட்டோ ஓடுபவன், முப்பத்தைந்து வயதிருக்கும், என்னிடம் படித்தவன். போக, விடியும்வரை நிற்க, திரும்பிவர எல்லாமாக ஒன்பதாயிரம் பேசியிருந்தோம். உப்புவெளி தாண்டி, நிலாவெளியில் ஹோட்டல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறும்போது மேற்கில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. பகல் முழுக்க அடித்த கச்சான் காற்று தணிந்து, வானத்தில் ஒரு முகில் இல்லை. ஏழேகாலுக்குக் குச்சவெளி. எங்கள் வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீற்றர்.

நிஸாமின் மனைவி வீடு அங்கேதான். அவனுடைய மாமி எங்களுக்குக் கதிரை போட்டு, பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

"வெள்ளி பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்கட ஊர்ல வெள்ளி இல்லையா?"

"இருக்கு, ஆனா லைட்டில மறைஞ்சு போச்சு" என்றாள் புவனா.

"அப்ப லைட்ட நூக்கச் சொல்லுங்களன்" என்றார் மாமி. விளக்கை அணைப்பதைவிடச் சரியான தீர்வை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கடற்கரைக்கு நடந்தோம். புவனா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். இப்போது இருட்டில் அவளுக்கு மணலும் தண்ணீரும் ஒன்றுதான். கடைசிப் பனைகளைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். கடல் முழுக்க வெளிச்சம். வடக்கிலிருந்து தெற்குவரை, கோயில் திருவிழாவுக்கு வீதியில் பல்ப் மாலை கட்டியதுபோல, நாற்பதுக்கு மேல் படகுகள். ஒவ்வொன்றிலும் கண்ணைக் குத்தும் வெள்ளை லைட். அடிவானத்தில் ஒரு வெள்ளிகூட இல்லை.

"இது என்னடா?" என்றேன்.

"கணவாய் மீன் பிடிக்க லைட் போட்டிருக்காங்க, சேர். அமாவாசை இருட்டிலதானே கணவாய் வெளிச்சத்துக்கு வரும். நிலவுக்கு வராது."

"இண்டைக்கு ஆடி அமாவாசையடா!"

"ஓம், சேர்." நிஸாம் மிகவும் மரியாதையாகச் சொன்னான். "எங்கட ஆக்களுக்கு அது இல்லைதானே."

இந்தக் கரையில் தொழில் செய்பவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள் என்பது எனக்குத் தெரியாததா? என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தவர்கள். ஆனால் என் விரதத்தைக் கடல் முழுக்கப் பிடிக்கும் என்று நான் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

"நீ ஏன் முதலே சொல்லேல்லை?"

"வெள்ளி பாக்கண்டு சொன்னீங்க. லைட் இருந்தா இன்னும் வடிவா பாக்கலாம்தானேண்டு நினைச்சன்."

புவனா சிரிக்கத் தொடங்கினாள். தைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்கோ அழுகைதான் வந்தது. அவளுடைய கண்ணுக்கு மற்ற எவரையும்விட இருட்டு வேண்டும், நானோ மாவட்டத்திலேயே வெளிச்சமான இடத்துக்கு அவளைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறேன்.

வழி சொன்னவன் நிஸாம்தான். றோட்டுக்கு மேற்கே மூன்று கிலோமீற்றர் உள்ளே, மாரியில் தண்ணீர் நிற்கும் களப்பு இப்போது வற்றிப்போய் வெட்டையாகக் கிடக்கிறது, பகலில் மாடு மேய்ப்பார்கள், இரவில் ஒருவரும் இல்லை, கடல் வெளிச்சத்தைப் பனங்கூடல் மறைக்கும் என்றான்.

"யானை?"

"இந்தப் பக்கம் வாறது குறைவு, சேர். வந்தா நான் ஓட்டோவ எடுத்திட்டுப் போயிருவன். நீங்க எத்தின வருதெண்டு எண்ணிக்கிட்டு இருங்க."

பதினொன்றேகாலுக்குக் களப்பில் பாயை விரித்தோம். வெடித்த சேறு முதுகில் உறுத்தியது, நுளம்பு பாட்டுக் கச்சேரி. ஓட்டோவின் லைட்டை அணைத்துக் கால்மணி நேரத்தில் வானம் இறங்கி வந்தது. தெற்கிலிருந்து வடகிழக்குவரை பால்வெளி ஒரு புகைப்பாதையாகக் கிடந்தது. இத்தனை வெள்ளியை நான் கண்டு எத்தனையோ காலம். வாய் திறந்தபின்தான் யோசித்தேன்.

"பால்வெளி தெரியுதோ?"

"இல்லை" என்றாள். "பெரிய வெள்ளியள் கொஞ்சம் தெரியுது. மற்றதெல்லாம் கறுப்பு."

முதலாவது எரிவெள்ளி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க ஓடியது. "அந்தா!" என்று கத்தினேன். அவள் தலையைத் திருப்பும்போது அது முடிந்துவிட்டது. அடுத்தது தெற்கே. "அந்தா, அந்தா!" அவள் கண் பாதி வழியில். அரை நொடியில் முடிகிற ஒன்றை, குழாய் அளவு பார்வையால் தேடிப் பிடிப்பது எப்படி? ஒரு மணிக்குள் ஒன்பது ஓடின. ஒன்பது முறையும் அவள் திரும்பினாள், ஒன்பது முறையும் "போயிட்டுது என்ன?" என்று கேட்டாள். பத்தாவதுக்கு நான் வாய் திறக்கவில்லை. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இல்லை. ஒவ்வொரு கத்தலும் அவளை அடிப்பதுபோல எனக்குப் பட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "என்ன, ஒண்டும் விழேல்லையோ?"

"இல்லை. ஓய்ஞ்சிட்டுது போல."

அந்த நேரம் பார்த்து வானத்தின் பாதியைக் கீறிக்கொண்டு ஒன்று ஓடியது. ஓட்டோவுக்குள் தூங்குகிறான் என்று நான் நினைத்த நிஸாம், "அல்லாஹ்! சேர், பாத்தீங்களா?" என்று கூப்பிட்டான்.

புவனா எழுந்து உட்கார்ந்தாள். இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, குரலே போதுமாயிருந்தது.

"எத்தினை ஒளிச்சனீங்கள்?"

"மூண்டு."

"எனக்குத் தெரியாட்டில் எனக்குச் சொல்லவும் கூடாதோ? நான் பாவம் எண்டு நினைச்சுத்தானே? இண்டைக்கு இதுக்கே இப்படியெண்டால், நாளைக்கு ஒண்டும் தெரியாத நேரம் நீங்கள் எனக்கு ஒண்டுமே சொல்லமாட்டீங்கள்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

"'அந்தா' எண்டு கத்துறது ஒண்டுக்கும் உதவாது. எனக்கு அந்தா எங்கயெண்டு தெரியாது. நான் இனித் திரும்பமாட்டன், ஒரு இடத்தையே பாக்கிறன். நீங்கள் எங்க தொடங்கினது, எங்க முடிஞ்சது, என்ன நிறம் எண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ."

படிப்பித்த காலத்தில் என் பாடம் விளங்கவில்லை என்று எந்தப் பிள்ளையும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. இரண்டு மணியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். முதலில் வாயில் கோணம்தான் வந்தது. "வடக்கிலிருந்து நாற்பது பாகை" என்றேன். "எனக்கேன் பாகை?" என்றாள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. பெரிய பனைக்கு ஒரு முழம் மேலே தொடங்கியது, வெள்ளை, இடப்பக்கம் சரிந்தது, வால் ஒரு மூச்சு நேரம் நின்றது. நிஸாமும் தன் பங்குக்கு இறங்கி வந்து நின்று, ஒன்றைத் திரளி மீன் துள்ளினது போல என்றான், இன்னொன்றை வெல்டிங் பொறி என்றான். அவனுடையவை என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன. புவனா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள், இடைக்கிடை கேள்வியும் கேட்டாள். "சத்தம் வருமோ?" "இல்லை." "அப்ப சும்மா போகுது" என்றாள்.

கார்த்திகை வெள்ளிக் கூட்டம் கிழக்கில் உயர ஏறியிருந்தது. புவனா சின்ன வயதில் அதில் ஆறு வெள்ளியும் எண்ணியிருக்கிறாளாம். இப்போது அந்த இடத்தில் ஏதோ ஒரு பூச்சு இருப்பதுபோல் தெரிகிறது என்றாள். அதையே பார்த்துக்கொண்டிருக்கப் போவதாகவும் சொன்னாள்.

நாலு இருபது. என் கணக்கு முப்பத்தொன்று. நான் டோர்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் பிளாஸ்க்கின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் "ஆ!" என்றொரு சத்தம். பாம்பு கடித்துவிட்டதென்று தேநீரைக் கொட்டிவிட்டேன்.

"கண்டனீங்களே?" என்றாள்.

"என்னத்தை?"

"உண்மையாக் காணேல்லையோ? நிஸாம், நீர்?"

நிஸாம் ஓட்டோவுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் மேலே பார்த்தேன். வானம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.

"நான் காணேல்லை" என்றேன். "சொல்லும்."

சொன்னாள். கார்த்திகைக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி முதலில் அசையாமல் நின்றதுபோல் இருந்ததாம். பிறகு தன் கண்ணுக்கு நேரே, கீழ்நோக்கி, அவசரமே இல்லாமல் வந்ததாம். நடுவில் பச்சை, ஓரம் மஞ்சள். முடிகிற இடத்தில் இரண்டாக உடைந்து, ஒன்று முந்தி அணைந்து, மற்றது ஒரு கணம் பிந்தி அணைந்ததாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறீர்கள், நான்தான் கண்டேனே என்றாள்.

ஐந்து மணிக்குக் கிழக்கு வெளுக்கத் தொடங்கப் பாயைச் சுற்றினோம். றோட்டுக்கு வரும்போது படகுகள் லைட்டை அணைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. நிஸாம் மாமி வீட்டுக்கு ஒரு கிலோ கணவாய் வாங்கிக் கொடுத்தான், ஆயிரத்து அறுநூறு ரூபாய். எங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டான். விரதம் முடிந்துவிட்டதுதானே என்று புவனா ஒரு கிலோ வாங்கினாள். இரவு முழுக்க என் வானத்தைக் கெடுத்த பிராணியைப் பகலில் சாப்பிடுவதில் எனக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

ஆறரைக்கு வீடு. எங்கள் மொட்டைமாடியிலிருந்து நல்ல இரவில் பத்துப் பதினைந்து வெள்ளி தெரியும். எனக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்குத்தான். இவ்வளவு நாளும் அவளுடைய கண்ணில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நான் அறியாமல் இருந்ததற்கு இந்த ஊர் வெளிச்சமும் ஒரு காரணம். களப்புக்குப் போன பிறகுதான் அந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது, அது கொஞ்சமல்ல.

குசினியில் கணவாயைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், இன்னொருமுறை சொல்லும் என்று கேட்டேன். பச்சையிலிருந்து தொடங்கி மறுபடி முழுவதும் சொன்னாள். பிறகு, அடுத்தது எப்போது என்று விசாரித்தாள். மார்கழியில் பெரியதொன்று இருக்கிறது, ஆனால் எங்களுக்கு அது மழைக்காலம் என்றேன். அதற்குப் பிறகு மே முதல் கிழமை, சித்திரை அமாவாசையோடு, விடியப்புறத்தில்.

"சித்திரைக்கு இன்னும் ஒம்பது மாதம் கிடக்கு" என்று விரலில் எண்ணினாள்.

"ஓம்."

"அதுக்கிடையில என்ர கண்ணுக்கு என்ன நடந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். "நீங்கள் இப்ப நல்லாச் சொல்லப் பழகீட்டீங்கள்."