நான் விழுங்கிய வசனம்

சுனாமிக்குப் பிறகு கல்குடாவில் எங்கள் முகாமில் மாலையானால் டிவிடி ஓடும். கார்ட்டூன் குடும்பமொன்றின் ஆங்கில நகைச்சுவைத் தொடர் அது. திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழில் உரக்கச் சொல்வது என் வேலை. ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற பெருமை வேறு.

ஒருநாள் கதையில் சின்ன மகள் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். வீடெல்லாம் வெள்ளம். அப்பா மேசையில் ஏறி நின்று, “ஐயோ, கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது!” என்று அலறினார்.

‘கடல்’ முகாமில் யாரும் வாயில் எடுக்காத சொல். “ஐயோ, தண்ணி வீணாப் போகுது” என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

முன்னால் இருந்த பூமணி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர். அவர் குவைத்தில் வேலை செய்து ஆங்கிலம் பழகியவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

“ஏன் தம்பி ஒளிக்கிறீங்க? கடல் வந்திட்டெண்டுதானே அவன் கத்துறான்?”

அவர் சனத்தின் பக்கம் திரும்பினார்.

“இவன்ட வீட்டுக்குக் குழாயால வந்திருக்கு. நமக்கு வாசலாலேயே வந்தது!”

கூடாரமே அதிரச் சிரித்தார்கள்.

“திருப்பிப் போடுங்க தம்பி. இந்த முறை சரியாச் சொல்லுங்க.”

சொன்னேன். அந்தச் சொல்லுக்கு முகாமிலேயே அதிகம் பயந்திருந்தவன் நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது.