மாப்பிள்ளை மூக்கில் நூற்றிப் பதினாலு

நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். படிப்புதான் என்னை நிறுத்தியது என்று வாத்தியார்கள் சொல்வார்கள். சிதம்பரத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்து, கல்யாணப் போட்டோ எடுத்து, ஆல்பம் டிசைன் செய்து, பிரிண்டுக்குக் கடலூர் லேபுக்கு அனுப்பிப் பிழைக்கிறேன்.

ஒரு முகூர்த்த மாதத்தில் என் கம்ப்யூட்டரில் மூச்சுவிட இடமில்லை. போட்டோவைச் சாதாரண ஜிப்பில் போட்டுச் சுருக்கினால் இம்மிகூடக் குறையாது. நெட்டில் ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர்காரன், போட்டோவையே கால்வாசி குறைத்துக் காட்டுகிறேன் என்றான். முப்பது நாள் இலவசம். குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தை, டிசைன் செய்த பக்கங்களோடு, மொத்தமாக அதில் போட்டேன். நிஜமாகவே சுருங்கியது. ஜிப் போட்ட கையோடு ஒரிஜினலை அழித்து, மெமரி கார்டையும் துடைத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்கு ஓடுவது என் வழக்கம். ஓடினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின், ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள்.

"அண்ணே, செவ்வாக்கெழம மெட்ராஸ்ல விசா இன்டர்வியூ. அவரு வெளிநாட்டுல இருக்காரு, நான் இங்க கெடக்கறேன். நெசமாவே கல்யாணம் ஆச்சான்னு கேப்பாங்களாம். ஆல்பம் இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்கண்ணே."

"நாளைக்கு சாயங்காலம் உன் கையில இருக்கும்மா" என்று சொல்லி, ஃபைலை லேபுக்குத் தட்டிவிட்டேன். லேப் வைத்திருப்பவன் என் மனைவியின் தம்பி. ஞாயிறு காலையிலேயே கூப்பிட்டான்.

"மாமா, என்னாத்த அனுப்பிருக்கீங்க? இந்தச் சுருக்குற முறை எனக்குத் தெரியாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"ஒன் சாஃப்ட்வேர் பழசு மச்சான். புதுசா போடு."

"இப்பதான் புதுசு போட்டேன். என்னுது ஃப்ரீயா கெடைக்கறது. நீங்க சுருக்குன முறைக்கு அந்தக் கம்பெனிக்காரன் பேடன்ட் வாங்கி வச்சிருக்கான். அவன் அனுமதி இல்லாம வேற எவனும் தன் சாஃப்ட்வேர்ல அதச் சேக்க முடியாது. சேத்தா கேசு."

"சுருக்கறதுக்குக்கூடவா பேடன்ட்டு? உங்கக்கா நாலு நாள் துணிய ஒரு கட்டப்பையில திணிக்கிறா. அவ மேல எவனாவது கேசு போடுவானா?"

"அக்கா திணிச்சத அக்காவால எடுக்க முடியுது மாமா. நீங்க எடுங்க பாக்கலாம்."

எடுக்க முடியவில்லை. முப்பது நாள் முடிந்துவிட்டது, காசு கட்டு, அப்புறம் திறக்கிறேன் என்று என் கம்ப்யூட்டர் என்னிடமே சொன்னது. வெயிலில் நின்று படம் எடுத்தவன் நான். மாப்பிள்ளையின் அத்தையைச் சிரிக்கவைக்க அரை மணி நேரம் குரங்குச் சேட்டை செய்தவன் நான். சாவி மட்டும், நான் மூஞ்சியே பார்க்காத எவனிடமோ.

சிபியுவைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். காசு கட்ட மச்சான் தன் பேங்க் கார்டைப் போட்டுப் பார்த்தான். வெளிநாட்டுக்குச் செல்லாது என்றது. ஞாயிற்றுக்கிழமை, பேங்கும் இல்லை. முப்பது நாள் இன்னும் முடியவில்லை என்று ஏமாற்ற, கம்ப்யூட்டரில் தேதியை இரண்டு மாதம் பின்னால் தள்ளினேன். சாஃப்ட்வேர் மசியவில்லை. தேதி தப்பு என்று இன்டர்நெட்டும் கோபித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

மச்சானுக்குத்தான் செலக்‌ஷன் படங்கள் ஞாபகம் வந்தன. எந்தெந்தப் படம் ஆல்பத்துக்கு என்று பெண் வீட்டார் பொறுக்க, எல்லாவற்றையும் சின்ன அளவில் போனுக்கு அனுப்புவோம். அதையே வைத்து வேறு எங்காவது பிரிண்ட் போட்டுக்கொள்ளக் கூடாதென்று, ஒவ்வொரு படத்தின் நடுவிலும் சிவப்பில் பெரிய நம்பர் அடிப்பேன்.

"நீங்களும் அந்தக் கம்பெனிக்காரன் பண்ண வேலையத்தான் பண்ணிருக்கீங்க" என்றான்.

"வாய மூடிட்டு பிரிண்ட போடு."

சாயங்காலம் குறிஞ்சிப்பாடிக்கு நானே கொண்டுபோனேன். அந்தப் பெண் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"என்னண்ணே இது? தாலி கட்றவரு மூக்குல நூத்திப் பதினாலு?"

"நம்பருக்குப் பின்னாடி அவருதாம்மா இருக்காரு."

அவள் சிரிக்கவில்லை. "அவுங்க நம்பலன்னா என்னண்ணே பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டாள். பாக்கிக் காசைக் கேட்காமலே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

செவ்வாய் மதியம் போன் வந்தது.

"அண்ணே, எல்லார் மூஞ்சிலயும் எதுக்கு நம்பர்னு விசா ஆபீஸ் அம்மா கேட்டாங்க. எங்க போட்டோக்காரரு நல்ல படத்தயெல்லாம் சுருக்கி வச்சிட்டு, தொறக்க முடியாம முழிக்கிறாருன்னு சொன்னேன்."

"அத ஏம்மா சொன்ன?"

"வேற என்னண்ணே சொல்றது? சிரிச்சிட்டாங்க. பொய்க் கல்யாணத்துக்கு ஆல்பம் செய்யறவன் இவ்ளோ கேவலமா செய்ய மாட்டான்னு நெனச்சாங்களோ என்னமோ. விசா கெடைச்சிடுச்சுண்ணே!"

அவள் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். நம்பர் இல்லாத ஆல்பம் எங்கே என்று அங்கிருந்து வாரம் ஒருமுறை கேட்கிறாள். என் கார்டு வெளிநாட்டில் செல்ல பேங்கில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். எதற்காகப் பணம் அனுப்புகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. 'நான் எடுத்த போட்டோவை நானே பார்ப்பதற்கு' என்று எழுதிக் கொடுத்தேன். தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.