மான் செதுக்கிய துவக்கு

என் வாழ்நாளில் ஒரேயொரு தரம்தான் துவக்குக் கடைக்குள், அதாவது துப்பாக்கி விற்கும் கடைக்குள், போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. துவக்கு வாங்க வந்தவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். எது நல்லது என்று பார்த்துச் சொல்ல வந்தவர் என் சித்தப்பா. எதை வாங்குவது என்று கடைசியில் தீர்மானித்தவள் நான். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில், டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, காட்டை ஒட்டிய சிறிய ஊர் ஒன்றில் நகரசபை எங்களுக்கு ஒரு வீட்டின் மேல்மாடியைக் கொடுத்திருந்தது. அப்பா, அம்மா, நான், எங்களுக்கு ஒரு வருடம் பிந்தி கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய சித்தப்பா. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் வேலைக்குப் போகக்கூடாது என்பது சட்டம். அப்பா பத்திரிகையும் கடிதமும் அரசியலுமாக நாளைக் கடத்திவிடுவார். சித்தப்பாவுக்கு அது வராது. அவர் வன்னியில் காட்டோரம் வயல் செய்தவர். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலடியில் கதிரையைப் போட்டு, தெருவுக்கு அப்பால் தெரிந்த காட்டைப் பார்த்தபடி இருப்பார். மத்தியானம் கூப்பிட்டால் எழும்பி வந்து சாப்பிடுவார். பிறகு மறுபடியும் அதே கதிரை.

வயலுக்குள் பன்றியும் யானையும் இறங்காமல் காவல் இருப்பதற்கு அவரிடம் அரசாங்க அனுமதியோடு ஒரு இரட்டைக்குழல் துவக்கு இருந்ததாம். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அதைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டார். இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கவேண்டிய சங்கதி. அகதி விசாரணையில் இதைச் சொன்னால் அதிகாரிகள் எப்படி விளங்கிக்கொள்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.

"துவக்கெண்ட கதையே வெளியில எடுக்கப்படாது. ஆரும் கேட்டால் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லோணும்" என்று எனக்கும் சேர்த்தே சொல்லி வைத்திருந்தார்.

கீழ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மனைவி இறந்தபின் தனியாள். ஜெர்மனியில் ஒரு முயலைச் சுடுவதற்கும் படித்துப் பரீட்சை எழுதவேண்டும். அந்தப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம், அறுபத்தைந்து வயதில் தேறியிருந்தார். ஊர் வேட்டைக் குழுவில் இடமும் கிடைத்துவிட்டது. துவக்குத்தான் இல்லை. சுரங்க ஓய்வூதியத்தில் புதியது வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதில் நல்லது ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நண்பரிடம் இரவல் வாங்கிய துவக்கைப் பின்வளவு மேசையில் வைத்து அவர் துடைத்துக்கொண்டிருந்தார். குப்பை போடப் போன சித்தப்பா நின்றுவிட்டார். கிழவர் குழலுக்குள் துடைகோலைத் தவறான பக்கத்தால் செருகி மல்லுக்கட்டுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டினார். கிழவரும் என்ன நினைத்தாரோ கொடுத்துவிட்டார். அரைமணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் துவக்கைச் சுத்தம் செய்தார்கள். நான் மேலே ஜன்னலில் நின்று பார்த்தேன். சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனிக்கு வந்தபின் அவருடைய பற்களை நான் கண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை கிழவர் மேலே ஏறிவந்து, துவக்கு வாங்கப் போகிறேன், இவரும் வந்து பார்த்துச் சொல்லவேண்டும், மொழிபெயர்க்கச் சின்னவளும் வரட்டும் என்று கேட்டார். நல்லது அகப்பட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவையும் தன்னோடு காட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்னமே சித்தப்பா சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்.

அம்மா முகத்தைச் சுளித்தார். "கீழ்வீட்டு மனுசன் கேட்டால் மாட்டனெண்டு சொல்லேலுமே, விடும்" என்றார் அப்பா.

கடை பெரிய தெருவில் இருந்தது. கதவைத் திறந்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அது அவளுடைய அப்பாவின் கடை என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் எல்லோரும் அவளோடு சேரத்தான் ஆசைப்படுவார்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள், யார் யாருக்கு அழைப்பு என்று பள்ளிக்கூடமே பேசிக்கொண்டிருந்தது. அவள் எனக்குத் தலையசைத்தாள். பிறகு சித்தப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "என் அத்தையிடமும் இதே கோட் இருக்கிறது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தானமாக வந்த உடுப்புகளுக்குள்ளிருந்து, குளிருக்கு இதுதான் சரி என்று சித்தப்பா தேடி எடுத்த, கழுத்தில் மென்மயிர் வைத்த சாம்பல்நிறக் கோட் பெண்களுடையது. குளிர்காலம் முழுக்க ஊரெல்லாம் அதைப் போட்டுத் திரிந்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. நான் அவரைவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன்.

கிழவரின் பணத்துக்குள் அடங்கியவை இரண்டுதான். ஒன்று பிடிக்கட்டை முழுக்கக் கீறல் விழுந்த பழைய துவக்கு. மற்றது சற்று விலை கூடியது. மெருகு போட்ட வால்நட் கட்டை, அதில் கொம்பை நிமிர்த்திப் பாயும் ஒரு மான் செதுக்கியிருந்தது. கிழவரின் கண் மானிலேயே இருந்தது.

சித்தப்பா வேலையைத் தொடங்கினார். குழலின் பின்வாயை மூடும் பூட்டைக் கழற்றித் தரும்படி கைச்சாடையில் கேட்டார். குழலின் பின்வாயில் தன் பெருவிரல் நகத்தை வைத்து, அதில் பட்டு உள்ளே தெறிக்கும் வெளிச்சத்தில் முன்வாய் வழியாகப் பார்த்தார். விளிம்பைச் சுண்டுவிரலால் தடவினார். திருகாணித் தலைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்து, வைத்தபின் கண்ணைத் திறந்து குறி நேராக நிற்கிறதா என்று பார்த்தார். அந்தக் கோட்டுக்குள் அவர் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதைப்போல இருந்தது. கிழவர் கடைக்காரரைப் பெருமையாகப் பார்த்தார்.

கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இவர் இதையெல்லாம் எங்கே பழகினார்? போராளியாக இருந்தாரா?"

அவர் விளையாட்டாகக் கேட்டாரா, வினையாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. வகுப்புப் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் பார்த்ததைச் செய்து காட்டுகிறார்" என்றேன்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சித்தப்பா, ஏதோ நல்ல கதை போலும் என்று நினைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை.

அம்மாவின் சொல்லைத்தான் காப்பாற்றினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். அந்த நேரத்தில் அம்மாவின் நினைவே எனக்கு இல்லை. பிறந்தநாள் அழைப்பும் கோட்டும்தான் இருந்தன.

சித்தப்பா என் பக்கம் திரும்பி ஆறுதலாகச் சொன்னார்: "பிள்ளை, வடிவாக் கேட்டுச் சொல்லு. இந்த மான் போட்டது வேண்டாம். வாய் விளிம்பில ஒரு வெட்டு விழுந்திருக்கு, வெடி நேராப் போகாது. ஆணியளைப் பார், தெரியாத ஆரோ கழட்டிப் பூட்டியிருக்கினம். மற்றது பாக்கத்தான் வடிவில்லை. குழலுக்குள்ள சுத்திப் போற புரி புதுசு மாதிரிக் கிடக்கு. காசும் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லு."

இதை எப்படிச் சொல்வது? ஒன்றும் தெரியாத மனிதருக்கு விளிம்பின் வெட்டு எப்படித் தெரிந்தது? அவளுடைய அப்பாவின் கடையில் வைத்து, அவளுடைய அப்பாவின் துவக்கு பழுது என்று சொன்னால் என் அழைப்பு என்னாவது? ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதுவும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"மான் செதுக்கியது நல்லது என்கிறார்" என்றேன். "அழகாகவும் இருக்கிறது என்கிறார்."

கிழவர் சித்தப்பாவைப் பார்த்தார். என் பேச்சையல்ல, பின்வளவில் தான் கண்ட அந்தக் கைகளையே அவர் நம்பியிருக்க வேண்டும். வேறு கேள்வி கேட்காமல் மான் துவக்கை வாங்கினார்.

திரும்பி வரும் வழியில் சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியோ?"

"ஓம் சித்தப்பா."

"பிறகேன் மனுசன் அதை வாங்கினவர்?"

"அவருக்கு மான் பிடிச்சிட்டுதாம்."

"சரி விடு. அவற்ற காசு, அவற்ற ஆசை" என்று சிரித்தார்.

எனக்கு அழைப்புக் கிடைத்தது. போனேன். கேக் வெட்டும்போது கடைக்காரர், பெண்கள் கோட் போட்டுக்கொண்டு படத்தில் பார்த்ததை நடித்துக்காட்டிய வெளிநாட்டுக்காரரின் கதையைச் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது என் சித்தப்பா என்று அந்தப் பிள்ளைகளில் என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. நானும் சிரித்தேன். இரண்டாவது துண்டுக் கேக்கும் சாப்பிட்டேன்.

கிழவர் சொன்னபடியே சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு காட்டுக்குப் போய்வந்தார். சேறு அப்பிய சப்பாத்தோடு வந்து, எந்த மரத்தடியில் பன்றி கிளறியிருக்கிறது, எங்கே மான் படுத்து எழும்பியிருக்கிறது என்று அம்மா கேட்காமலே சொல்வார். ஜன்னலடிக் கதிரை குசினிக்குள், சமையல் மேசையடிக்குப் போய்விட்டது. ஆனால் கிழவரின் வெடி ஒன்றும் சரியாகப் படவில்லை. பயிற்சிப் பலகையில் ஒருநாள் இடது பக்கம், ஒருநாள் மேலே. வயது போய்விட்டது, கை நடுங்குகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார். இலையுதிர் காலத்தில் ஒரு மானைக் காயப்படுத்திவிட்டார். குழுவினர் நாய்களோடு இரண்டு நாள் தேடியும் அகப்படவில்லை. எங்கோ கிடந்து அது செத்திருக்கும். இனி வரவேண்டாம் என்று குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவரிடம் சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகுதான் வேறு ஊரில் ஒரு துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். ஒருநாள் பின்னேரம் மான் துவக்கோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை அவர் கூப்பிடவில்லை. சித்தப்பாவுக்கு முன்னால் துவக்கைப் பிடித்து, விளிம்பின் வெட்டை விரலால் தொட்டுக் காட்டினார். ஆணிகளைக் காட்டினார். பிறகு சித்தப்பாவின் நெஞ்சைச் சுட்டி, "நீ சொன்னாய், குட். நீ சொன்னாய், ஷோன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நல்லது, அழகானது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவரோடு திரிந்து சித்தப்பா பிடித்துக்கொண்ட பத்துப் பன்னிரண்டு ஜெர்மன் சொற்களில் அவை இரண்டும் அடக்கம்.

சித்தப்பா துவக்கைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். பிறகு ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கிழவர் துவக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சித்தப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, என்ர பிழை எண்டு ஜெர்மன்ல எப்பிடிச் சொல்லுறது?"

"மைன் ஃபேலர்."

"மைன் பேலர்."

"பேலர் இல்லை சித்தப்பா, ஃபேலர். கடைசி எழுத்தை உருட்டாமல் முழுங்கோணும்."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. அதுவரை ஜெர்மன் படிக்கச் சொன்னால், இந்த வயதில் ஏலாது என்று தட்டிக் கழித்தவர் தானாக வந்து கேட்கிறார் அல்லவா? பத்துப் பதினைந்து தரம் சொல்ல வைத்தேன். பிழைவிட்ட இடமெல்லாம் திருத்தினேன். ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து, "இதுகூடச் சொல்ல ஏலாதே உங்களுக்கு?" என்று அதட்டவும் செய்தேன். அவர் தலையைக் குனிந்தபடி மறுபடியும் மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.

காலையில் நான் பள்ளிக்கூடப் பையோடு படியில் இறங்கும்போது, சித்தப்பா கீழ்வீட்டு வாசலில் நின்றார். கோட் போடவில்லை. கிழவர் கதவைத் திறந்ததும், கையை நெஞ்சில் வைத்து, "மைன் ஃபேலர்" என்றார். கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. குசினிக்குள் போன கதிரை மறுபடி ஜன்னலடிக்கு வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று காலை படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நான் சொல்லிக்கொடுத்த இரண்டு சொற்களையும் சித்தப்பா ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டதில் பெருமையாகத்தான் இருந்தது.