தனக்கோடி தொட்டுப் பார்த்த கால்

பெங்களூர் மர்பி டவுன் தனக்கோடிக்குப் பதினாறு வருஷ ஆஸ்பத்திரி ஆயா வேலையில் ஒரு பழக்கம். எமர்ஜென்சிக்குள் எந்த ஸ்ட்ரெச்சர் வந்தாலும் முதலில் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு வாசலில் தவித்துக்கொண்டு நிற்கும் சொந்தக்காரர்களிடம், "கால் சூடா இருக்கு, பயப்படாதீங்க" என்பாள். ஜில்லிட்டிருந்தால் வாயைத் திறக்க மாட்டாள். டாக்டர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொல்லிவிட்டுப் போவது பாதிப் பேருக்குப் புரியாது. இந்த ஒரு வரி எல்லோருக்கும் புரியும். அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு, டீ வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொல்வானேன்?

2003 ஆவணியில் ஈஜிபுராவிலிருந்து கவியரசனைக் கொண்டுவந்தார்கள். இருபத்துநாலு வயசு. மூன்றாம் மாடிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவன். கூட இருந்தது அம்மா மங்களம் மட்டும். தனக்கோடி வழக்கம்போலத் தொட்டாள், வழக்கம்போலச் சொன்னாள். போதாக்குறைக்கு, "உம் பையன் பொழைச்சுக்குவான்" என்று ஒன்றைச் சேர்த்தும் வைத்தாள். அந்த வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ!

மூன்றாம் நாள் காலை டாக்டர் மமதா அவளைக் கூப்பிட்டார். "ஏன்ரீ தனக்கோடி, அந்த அம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சீங்க?"

கவியரசனுக்கு மூளைச்சாவு. ஆறு மணி நேரம் விட்டு இரண்டு தடவை சோதித்தாகிவிட்டது. ஓடுவது மெஷின் விடுகிற மூச்சு. சிறுநீரகமும் ஈரலும் இன்னும் நன்றாக இருந்தன. தாய் சம்மதித்தால் மூன்று பேர் பிழைக்கலாம். ஆனால் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. சாயந்திரம் தாண்டினால் எதுவும் உதவாது. மங்களமோ, "கால் சூடா இருக்குன்னு ஆயாக்காவே சொன்னாங்க. உசுரோட இருக்கிற புள்ளையையா அறுக்கப் பாக்கிறீங்க?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

தனக்கோடிக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அதைவிடப் பெரிய பயம் அப்புறம் வந்தது. கொடுத்த நம்பிக்கையை எந்த முகத்தோடு போய்ப் பிடுங்குவது? இரண்டு தடவை கதவுவரை போய், பினாயில் வாளியை எடுக்க வந்தவள்போலத் திரும்பினாள். மணி பன்னிரண்டாகிவிட்டது. மூன்றாம் தடவை உள்ளே போய்விட்டாள்.

"மங்களம், நான் சொன்னது தப்பும்மா."

"என்னக்கா தப்பு? தொட்டுப் பாருங்க. இப்பவும் சூடாத்தான் இருக்கு."

"மெஷின் மூச்சு விடுறதால வர்ற சூடும்மா அது. நிறுத்தினா ஆறிடும். உம் பையன் நேத்தே போயிட்டான். எல்லார்கிட்டயும் சொல்ற வார்த்தையை உங்கிட்டயும் சொல்லிட்டேன் பாவி. என்னைச் செருப்பால அடி."

மங்களம் அடிக்கவில்லை, அழவும் இல்லை. மகனின் கால் நகத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அதை முந்தானையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தனக்கோடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நின்றாள். அவசரப்படுத்தினால் பாவம், சும்மா இருந்தாலும் பாவம்.

"ஆறிட்டா அவங்க கேக்கிறது எதுவும் உதவாதாக்கா?"

"உதவாதும்மா."

"அப்ப ஆறுறதுக்குள்ள எடுத்துக்கச் சொல்லுங்க."

எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆபரேஷன் ரூம் வரைக்கும் நீங்க அவன் காலைப் பிடிச்சுக்கிட்டே போங்கக்கா. என்னால முடியாது."

தனக்கோடி பிடித்துக்கொண்டே போனாள். நீண்ட வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் உருண்டது. கதவருகில் நர்ஸ் வந்து விலக்கும்வரை விடவில்லை. திரும்பி வந்தபோது மங்களம் லிஃப்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"கால் சூடா இருந்துச்சும்மா" என்றாள் தனக்கோடி. அதோடு எதையும் சேர்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.