பழைய லாப்டொப், புது டிஸ்க்

இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்த நாளிலிருந்து, வீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பையில்தான் வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் அது என்னோடு வரும்.

லாப்டொப்பின் ஹார்ட் டிஸ்க் செத்தபோதும் அந்தப் பையோடுதான் ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். புது டிஸ்க் போட்டால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடும், வாங்கியதற்கு அத்தாட்சி கேட்பார்கள் என்று நினைத்தேன்.

கடைக்காரர் புது டிஸ்க்கைப் பூட்டி, விண்டோஸை ஏற்றி, இணையத்தோடு இணைத்தார். நான் லாப்டொப் வாங்கிய பற்றுச்சீட்டை நீட்டினேன்.

"தேவையில்லை அக்கா. லைசென்ஸ் டிஸ்க்கில இல்லை, மதர்போர்ட்டோட சேர்ந்தது. இது அதே லாப்டொப்தான் எண்டு கொம்பனிக்குத் தெரியும்."

"ஒரு தாளும் காட்டத் தேவையில்லையோ?"

"இல்லை. பாருங்கோ, ஏத்துக்கொண்டிட்டுது."

பழைய டிஸ்க்கில் இருந்த ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் அதே லாப்டொப்தான் என்று கொம்பனி ஏற்றுக்கொண்டது.

"என்னக்கா, சந்தோசமில்லையோ?"

"ஓம், சந்தோசம்தான்."

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

எங்கள் காணியில் அப்பா வெட்டிய கிணறு இன்னும் அப்படியே இருக்கிறது. காணிக் கந்தோர் அதிகாரிகளிடம் அதைச் சொன்னால், உறுதியைக் கொண்டுவாங்கோ என்கிறார்கள்.