பாதி ஆட்டத்தில் கலைந்த கூட்டம்

பெண்கள் கபடிக்கு எங்கள் ஜவ்வாது மலையில் கூட்டம் சேராது என்பார்கள். நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். அது பொய். சேர்ந்த கூட்டத்தைக் கலைத்து அனுப்பியவன் நான்.

புதூர்நாட்டுப் பக்கம் பொங்கலை ஒட்டி நடக்கும் போட்டிக்கு அப்போது நான்தான் மைக்கில் பேசுகிறவன். முழங்கால் பிசகி ஆட்டத்தை விட்ட பிறகு, குரலாவது களத்தில் இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்ட வேலை. அந்த வருடம்தான் முதன்முறையாகப் பெண்களுக்கும் போட்டி வைத்தோம். மேலே பள்ளிக்கூடத் திடலில் பெண்கள். கீழே, சாமை அறுத்த கொல்லையில் ஆண்கள்.

பெண்களின் இறுதி ஆட்டத்துக்கு முதலில் வீட்டு ஆட்கள்தான் நின்றார்கள். எங்கள் ஊர் அணிக்கு அமுதா தலைவி. அவள் ரெய்டு போனால், தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற பிறகுதான் எதிரணிக்கே உறைக்கும். கீழேயிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கயிற்றோரம் இடம் போதாமல், ஓரமாக நிறுத்தியிருந்த ஜீப்பின் மேல் ஏறி நின்றார்கள். பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு அவள் கோட்டைத் தொட்டபோது மொத்தக் கூட்டமும் துள்ளிக் கத்தியது. மைக்கில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை... உள்ளே ஏதோ கசந்தது. நான் ஆடிய காலத்தில் ஒருநாளும் எனக்காக அப்படி ஒரு கூட்டம் கத்தியதில்லை.

இடைவேளை விட்டார்கள். பெண்கள் வகுப்பறைக்குள் போனார்கள். அப்போது ஆண்கள் அணித் தலைவன் குமார், என் மாமன் மகன், மேலே ஏறி வந்தான்.

“இன்னா மச்சான், செமிஃபைனல் ஆடப் போறோம், கீழ ஒருத்தனும் இல்ல. எல்லாம் பொண்ணுங்க ஆட்டத்தப் பாத்துனு நிக்கறாங்க. அசிங்கமா கீது.”

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. செய்தது முழுக்க நானே.

மைக்கை வைத்துவிட்டுக் கயிற்றோரமாக நடந்தேன். அங்கங்கே நின்று, தணிந்த குரலில் சொன்னேன்.

“ஆட்டம் முடிஞ்சிச்சிங்க. எதிர் டீம் பொண்ணுக்கு அடிபட்டுச்சி, இனிமே ஆட மாட்டாங்க. சாப்பாட்டுப் பொட்டலம் கீழ தர்றாங்க, போங்க.”

மைக் பிடிக்கிறவனே சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கூட்டம் இறங்கிப் போனது. ஆடும் பெண்களின் தாய்மார் சிலர் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களிடம் நான் போகவில்லை.

அமுதா வெளியே வந்தாள். வெறும் கயிற்றைப் பார்த்தாள்.

“எங்கணா எல்லாரும்?”

“ஆம்பளைங்க ஆட்டம் பாக்கப் போய்ட்டாங்கமா. நீங்க ஆடுங்க.”

அவள் அவிழ்ந்த கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்துக்குள் போனாள். அமுதாவின் அணிதான் ஜெயித்தது. அந்த நேரத்தில் பெரிய கைதட்டல் ஒன்று கேட்டது... கீழே, குமாரின் அணிக்கு.

அடுத்த வருடம் கமிட்டியில் பெரியவர் ஒருவர் கேட்டார். “பொண்ணுங்க மேட்ச்சும் வெக்கலாமாப்பா? போன வாட்டி கூட்டம் நின்னுச்சா?”

“பாதியிலயே கலைஞ்சி போய்ட்டாங்கங்க” என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதன் பிறகு எங்கள் பக்கம் பெண்கள் போட்டி நடக்கவேயில்லை. அமுதாவின் அணி அந்த ஒரு கோப்பையோடு கலைந்தது. அவளைக் கீழே ஒடுகத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

போன மாதம் அங்கே மளிகைக் கடை ஒன்றில் வேர்க்கடலை வாங்க நின்றபோது, நிறுத்துக் கொடுத்தவள் நிமிர்ந்து சிரித்தாள். அமுதா. பக்கத்தில் அவளுடைய மகள், பள்ளிச் சீருடையில். அன்று மைக் பிடித்தவன் நான்தான் என்று அமுதா சொன்னதும் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“ஸ்கூல் கபடி டீம்ல என்னயும் சேத்துட்டாங்க மாமா. அம்மா வுட மாட்டுது. நீங்க சொல்லுங்க.”

“அனுப்பேம்மா” என்றேன்.

அமுதா பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்.

“வேணாங்ணா. உசுரக் குடுத்து ஆடுனாலும் பொம்பள ஆட்டத்த யாரு நின்னு பாக்கறாங்க? எனக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஆவணுமா? நீங்கதான் அன்னிக்கு அங்கியே இருந்தீங்களே, உங்களுக்குத் தெரியாதா?”

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்மா” என்றேன்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிகிற எனக்கு, அந்தக் கடை வாசலில் ஏன் வாய் வரவில்லை? பயமா... அவள் என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடுவது நின்றுபோகும் என்றா?

நாளை மறுபடியும் ஒடுகத்தூர் போக வேண்டும். வேறு தெரு வழியாகத்தான் போவேன் என்று நினைக்கிறேன்.